விநாசித்தம்பியரின் கண்ணாடிப் படகு

பினாங்கில் ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த என் குஷன் கடைக்கு வருகிறவர்களை நான் இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தேன். சோபாவைக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் தலைகாட்டாதவர்கள் ஒரு வகை. கொடுத்த மறுநாளே வந்து "ஆச்சா?" என்று வாசலை மறித்துக்கொண்டு நிற்பவர்கள் இன்னொரு வகை. விநாசித்தம்பியர் இரண்டிலும் சேராதவர். எந்த வேலையையும் கொடுக்காமலே நாலு மாதம் நடையாய் நடந்தவர்.

எங்கள் ஊரில் குமாஸ்தாவைக் கிராணி என்போம். அவர் பெரிய கிராணி. பீச் தெருவில் ஒரு கப்பல் கம்பெனியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து, முந்தைய வருடம்தான் பென்ஷன் வாங்கியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் குடை. வேலையை விட்ட பிறகும் அந்த உடுப்பை அவர் விடவில்லை. காலை ஒன்பது மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்கி என் கடைக்கு வருவதைப் பார்த்தால் நான்தான் அவருடைய ஆபீஸ் என்று தோன்றும்.

முதல் நாள் வந்தபோது அவர் கக்கத்தில் சுருட்டி வைத்திருந்தது சாப்பாட்டு மேசையின் மேல் விரிக்கும் கண்ணாடி பிளாஸ்டிக். பூ அச்சுப் போட்ட ஓரம்கூட அப்படியே இருந்தது.

"தம்பி, என்னட்ட ஒரு லாஞ்சு இருக்கு. பழசுதான், ஆனா மரம் நல்ல மரம். மேலே கூரை இருக்கு, நாலு பக்கமும் திறந்த வெளி. இந்தப் பிளாஸ்டிக்காலை சுத்திவர அடைச்சுத் தருவீரோ?"

ஒரு மனிதர் தன் வாழ்நாள் ஆசையைச் சொல்லும்போது சிரிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாது. சிரித்துவிட்டேன்.

"ஐயா, இது மேசைக்குப் போடுறதுலா. கடல் வெயில்ல ரெண்டு மாசம் காஞ்சா மஞ்சக் காமாலை வந்துரும். அப்புறம் படபடன்னு உடையும்."

அவர் கோபப்படவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து 'மேசை பிளாஸ்டிக்: நிராகரிக்கப்பட்டது' என்று எழுதித் தேதியும் போட்டார். அந்த நிமிடமே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

எதற்காக இந்த வேலை என்று கேட்டேன். மனைவிக்காக என்றார். செல்வநாயகி அம்மாளுக்கு இழுப்பு. ஈரக் காற்று பட்டால் இரண்டு நாளைக்கு மூச்சு விசிலடிக்கும். அந்த அம்மாள்தான், இவர் பென்ஷன் வாங்கிய வாரமே, "என்னை ஒருக்காக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று கேட்டாராம். காற்றுப் படக்கூடாது, தண்ணீர் தெறிக்கக்கூடாது, ஆனால் கடல் நன்றாகத் தெரிய வேண்டும். மூன்று நிபந்தனை. நியாயமானவைதான். கண்ணாடி போட்டால் மூன்றும் நடக்கும், ஆனால் அந்த லாஞ்சுப் படகில் கண்ணாடியை மாட்டினால் முதல் பெரிய அலைக்கே எல்லாம் மடியில் விழும். ஆகையால் கண்ணாடி பிளாஸ்டிக்தான்.

அங்கே தொடங்கியது என் கஷ்டம். இந்தச் சரக்கின் தடிமனை நாங்கள் நம்பரில் சொல்லுவோம். இருபது என்றால் மெல்லிசு, காற்றில் பட்டம் மாதிரி அடித்துக்கொள்ளும். நாற்பது என்றால் பலகை, சுருட்டப் போனால் நம்மையே திருப்பி அடிக்கும். முப்பதுதான் படகுக்குச் சரி. இதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆனது. அவர் ஏற்றுக்கொள்ள மூன்று வாரம் ஆனது. தடிமன் அளக்கும் ஒரு கருவியை எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்து, என் கடையில் இருந்த ஒவ்வொரு சுருளையும் ஓரத்தில், நடுவில், மறு ஓரத்தில் என்று மூன்று இடத்தில் அளந்தார். ஒரு சுருளில் ஓரத்துக்கும் நடுவுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தது. அதைச் சொல்லிவிட்டு, நான் ஏதோ செய்துவிட்டது போல என்னைப் பார்த்தார்.

தடிமன் மட்டும் போதாது என்று வாய் தவறிச் சொன்னது என் குற்றம். மலிவுச் சரக்கில் கண்ணுக்குத் தெரியாத நெளிவு இருக்கும். அதன் வழியாகத் தூரத்தில் இருப்பதைப் பார்த்தால்தான் தெரியும். அதைக் காட்டலாம் என்று ஒரு துண்டைக் கடை வாசலில் பிடித்து, பினாங்கு மலையில் ஏறும் ரயிலைப் பார்க்கச் சொன்னேன். ரயில் இடுப்பை ஆட்டிக்கொண்டு ஏறியது. அவர் அசந்துபோனார். அன்றிலிருந்து ரயில் புறப்படும் நேரமாகப் பார்த்து வந்து, ஒவ்வொரு துண்டையும் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார். சந்தைக்கு வந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்கள். வியாபாரம் கெட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் என் மரியாதை கொஞ்சம் கெட்டது.

அதற்குப் பிறகு வெயில் சோதனை. சில சரக்கில் வெயிலைத் தாங்கும் மருந்து கலந்திருப்பார்கள், சிலதில் கலக்காமலே கலந்ததாகச் சொல்வார்கள். இதையும் நானே சொன்னேன். அவர் ஐந்து துண்டு வெட்டி வாங்கிப் போய், ஒவ்வொன்றிலும் நம்பர் ஒட்டி, வீட்டுத் துணிக்கொடியில் மூன்று மாதம் தொங்கவிட்டார். வாரம் ஒரு முறை எனக்கு அறிக்கை வரும். மூன்றாம் நம்பர் மங்கல், ஐந்தாம் நம்பர் மஞ்சள், இரண்டாம் நம்பரைக் காணவில்லை. தேடிப் பார்த்ததில் செல்வநாயகி அம்மாள் மழைக்கு அதை எடுத்து மோர்மிளகாய்த் தட்டை மூடியிருந்தார். "அதுதான் தம்பி, நல்ல சாமான். மிளகாய்க்கும் அசையேல்லை" என்று கிராணியார் என்னிடம் சொல்ல, இரண்டாம் நம்பர் தேர்வானது. நான் முதல் நாள் கையை வைத்துக் காட்டிய சரக்கும் அதுதான்.

ஒரு மனிதர் ஏன் இப்படிப் பயந்து பயந்து ஒரு திரையை வாங்குகிறார் என்று எனக்கு எரிச்சல்தான் வந்துகொண்டிருந்தது. பக்கத்துக் காப்பிக் கடையில் ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன். "ஐயா, முப்பது வருஷம் கப்பல்ல ஏறி எறங்குன ஆளு நீங்க. ஒரு பிளாஸ்டிக்குக்கு இவ்ளோ யோசனையா?"

அவர் காப்பியை ஆற்றினார். ஆறிய பிறகும் ஆற்றினார்.

"நான் கப்பலில ஏறினதே இல்லைத் தம்பி. ஊரிலிருந்து வந்தபோது ஏறினது. அதுக்குப் பிறகு இல்லை."

விஷயம் இதுதான். கல்யாணம் பேசியபோது, அவருடைய மாமன் ஒருவர் யாழ்ப்பாணத்தில் பெண் வீட்டாரிடம், பையன் கப்பல்களில் ஏறிச் சோதனை போடும் உத்தியோகத்தர் என்று அடித்து விட்டிருந்தார். பெண் வந்து இறங்கிய அன்று உண்மையைச் சொல்லிவிடத்தான் இவர் நினைத்தார். ஆனால் அந்தப் பெண் கண்ணை அகல விரித்து, "பெரிய அலை அடிக்கும்போதும் ஏறுவீங்களோ?" என்று கேட்டது. இவர் "ஓம்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு "ஓம்" முப்பது வருடம் வளர்ந்தது. பகல் முழுக்க மேசையில் உட்கார்ந்து கார்பன் தாள் வைத்து மூன்று நகல் எழுதுவார். மாலையில் வீட்டுக்குப் போய், கயிற்று ஏணி, புயல், திசை தவறிய கப்பல் என்று கதை சொல்லுவார். இப்போது அந்த அம்மாள் கடலுக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார். கூட்டிப் போனால் இவருக்குக் கடல் தெரியாது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

"அவவுக்குத் தெரிஞ்சால் அந்த முப்பது வருசமும் பொய்யாப் போயிடும், தம்பி. மிச்சம் என்ன இருக்கு எனக்கு?"

காப்பிக்கு நானே கொடுத்தேன். மறுநாளே அளவெடுக்கப் போகலாம் என்றும் சொன்னேன். என் கோபம் அவ்வளவு சீக்கிரம் போகக்கூடியது என்று அதுவரை எனக்கே தெரியாது.

பென்ஷன் காசில் வாங்கிய லாஞ்சு ஜெலுத்தோங் கரையில் ஒரு சின்ன ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், கட்டிக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொள்ள சுலைமான் பாய் இருந்தார். தோணிகளில் சரக்கு ஏற்றி இறக்கியே வயதானவர், கடல் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. விநாசித்தம்பியருக்குப் படகு ஓட்டப் பழக்கியதும் அவர்தான். கரையில் "ஐயா" என்பார், கடலில் கத்துவார்.

முன்னால் ஒரு அகலமான திரை, பக்கத்துக்கு இரண்டு, பின்னால் வாசலுக்கு ஒன்று. மேலே ஜிப், கீழே அமுக்குப் பொத்தான். தைத்து மாட்டிய அன்று நான் அவரை உட்கார வைத்து, பராமரிப்பு என்னவென்று சொன்னேன். கடலில் இருந்து வந்ததும் முதல் வேலை நல்ல தண்ணீர் ஊற்றுவது. உப்பு காய்ந்த திரையைத் துணியால் துடைத்தால் உப்புக் கல்லே கீறிவிடும். தண்ணீர் ஊற்றி உப்பு போன பிறகு, லேசான சவுக்காரச் சோப்பும் பழைய பருத்தித் துணியும். தின்னர், மண்ணெண்ணெய், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் பக்கத்திலேயே வரக்கூடாது. மடிக்கவே கூடாது, மடித்த இடம் வெள்ளைக் கோடாகி அப்படியே நின்றுவிடும். சுருட்ட வேண்டும், நடுவில் மெல்லிய துணி வைத்துச் சுருட்ட வேண்டும். தலையில் எண்ணெயோடு சாயக்கூடாது. தைலம் தடவிய விரலால் தொடக்கூடாது.

அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போய், ஆபீஸ் இங்கிலீஷில் டைப் அடித்து, மூன்று நகலோடு வந்தார். ஒன்று படகுக்கு, ஒன்று வீட்டுக்கு, ஒன்று என் கடைக்கு. மூன்றிலும் நான் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி விதி அவராகவே சேர்த்தது. எந்த அந்நியப் பொருளும் திரையின் மேல் படக்கூடாது என்று அதற்கு அர்த்தம். பிரமாதமான விதி என்று நானே பாராட்டினேன்.

பூஜை போடாமல் படகில் கால் வைக்க மாட்டேன் என்று செல்வநாயகி அம்மாள் சொல்லியிருந்தார். புதுக் காருக்குப் போடுவது போலத்தானே, போடட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை குருக்கள் வந்தார். அம்மாள் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஜெட்டியிலேயே நின்றார். ஒல்லியான உருவம், கூர்மையான கண். நான் கத்தோலிக்கன், எனக்கு இந்தச் சடங்கில் ஒரே ஒரு கவலைதான். சூடம். குருக்கள் சூடத் தட்டைக் கொளுத்திக்கொண்டு படகுக்குள் வரப் போனார். கண்ணாடி பிளாஸ்டிக்குக்கு நெருப்பைக் காட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத்தான் தெரியும். கையை விரித்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டேன்.

"சாமி, நெருப்பு வேணாம். வெளியில நின்னு காட்டுங்க, உள்ளுக்குத் தெரியும். கண்ணாடிதானே."

குருக்களுக்குப் பிடிக்கவில்லை. வாக்குவாதம் நடந்தது. கடைசியில் ஜெட்டியில் நின்றே சூடம் காட்டினார். நான் ஜெயித்துவிட்ட மகிழ்ச்சியில் கீழே இறங்கி, சுலைமான் பாயிடம் ஒரு சிகரெட் வாங்கிப் பற்றவைத்தேன். அந்த ஐந்து நிமிடத்தில் குருக்கள் உள்ளே போய், ஓட்டுபவரின் கண்ணுக்கு நேராக, முன்திரையின் நட்ட நடுவில், சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன் மேல் குங்குமத்தை அழுத்தி ஒரு பொட்டு வைத்துவிட்டார். இருபது காசு நாணயத்தின் அளவுக்கு.

நான் ஓடிப் போய், "ஐயா, இப்பவே தண்ணி ஊத்திக் கழுவுங்க" என்றேன்.

"சாமிக்கு வைச்ச பொட்டைக் கழுவுறதோ? தன்பாட்டில உதிரட்டும்."

"நீங்களே எழுதுனீங்க ஐயா, அந்நியப் பொருள் படக்கூடாதுன்னு."

"குங்குமம் எப்பிடித் தம்பி அந்நியப் பொருளாகும்?"



பொட்டு தன்பாட்டில் உதிர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாள் வெயிலில் குங்குமத்தின் சாயம் பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிட்டது. மேலே இருந்தது உதிர்ந்தது, உள்ளே போனது போகவில்லை. சவுக்காரம் போட்டுத் தேய்த்தால் இன்னும் பளபளவென்று சிவந்தது. விநாசித்தம்பியர், "சின்னதுதானே, பாதகமில்லை" என்றார். மறுநாள் அதிகாலையில் ஒத்திகை ஓட்டம். ஜிப் எப்படி நிற்கிறது என்று பார்க்க நானும் வர வேண்டும் என்றார். எனக்கு நீச்சல் தெரியாது. ஜெபமாலையை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

போகும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போது கடலில் புகை போலப் பனி இறங்கியது. கிராணியார் புது மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். கையில் சக்கரம், பார்வை தூரத்தில். திடீரென்று, "பாய், முன்னுக்குச் சிவப்பு மிதவை" என்றார். துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு மிதவையை இடது பக்கம் விட்டு வர வேண்டும். முப்பது வருடம் தாளில் எழுதிய விதி. இடது பக்கம் விடுவதற்காகப் படகை வலது பக்கம் திருப்பினார். மிதவை, பாயின் வார்த்தையில் போயா, முன்னாலேயே இருந்தது. இன்னும் கொஞ்சம் வலது பக்கம் திருப்பினார். அப்போதும் அது நேர் முன்னால் நின்றது.

"நீரோட்டம் இழுக்குது," என்று சொல்லிச் சக்கரத்தை இன்னும் வளைத்தார்.

இரண்டு சுற்று சுற்றினோம். மூன்றாவது சுற்றில் நான் ஜெபமாலையை உருட்டத் தொடங்கினேன். பின்னால் எஞ்சின் பக்கம் இருந்த சுலைமான் பாய், மோதிய அலை எங்கள் படகே கிளப்பிய அலைதான் என்று கண்டுபிடித்து முன்னால் வந்தார். சற்று நேரம் கிராணியாரின் தோளுக்கு மேலே பார்த்தார்.

"ஐயா, எந்த போயாவச் சொல்றீங்க?"

"உதோ, நேர் முன்னுக்கு."

பாய் விரலை நீட்டித் திரையைத் தொட்டார். "இது போயா இல்லலா. பொட்டு."

கரைக்கு வரும்வரை பாய் மட்டும் பின்னால் உட்கார்ந்து தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். விநாசித்தம்பியர் முகம் வெளுத்திருந்தது. அவர் நினைத்தது என்னவென்று எனக்குத் தெரியும். செல்வநாயகி அம்மாள் இன்று உள்ளே இருந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

முன்திரையை எடுத்துவிட்டுப் புதிது போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் வீட்டில் கேட்டுவிட்டு வந்தார். அம்மாள் சம்மதிக்கவில்லை. பூஜை போட்டு வைத்த பொட்டைப் பிய்த்து எறிந்த படகில் ஏறமாட்டாராம். பொட்டு இருந்தால் இவரால் ஓட்ட முடியாது. பொட்டு இல்லாவிட்டால் அம்மாள் வரமாட்டார். கிராணியார் என் பெஞ்சில் இரண்டு நாள் இதே யோசனையில் உட்கார்ந்திருந்தார். நோட்டைக்கூட எடுக்கவில்லை. அவர் நோட்டை எடுக்காதது எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாம் நாள் ஜெட்டிக்குப் போய் முன்திரையைக் கழற்றிக்கொண்டு வந்தேன். பொட்டு நடுவில் வருகிற மாதிரி வெட்டி, அம்மாள் உட்காரப்போகும் இடத்துக்குப் பக்கத்துத் திரையாகத் தைத்தேன். எறியவில்லை, இடம்தான் மாறியது. முன்னுக்குப் புதுத் திரை. கையில் எண்ணெய்ப் பசை இல்லாமல் மாட்டிவிட்டு, குருக்கள் யாராவது வருகிறார்களா என்று ஜெட்டியின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நான் மாதா கோவிலிலிருந்து நேராக ஜெட்டிக்கு வந்தேன். செல்வநாயகி அம்மாள் வந்துவிட்டிருந்தார். இரண்டு சால்வை, காதில் பஞ்சு, கையில் தைலப் போத்தல். விதி நினைவிருந்ததால் தைலம் தடவிய விரலை முந்தானையில் துடைத்துவிட்டு ஏறினார். பொட்டைப் பார்த்தார், கும்பிட்டார், பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினேன். காற்று ஒரு நூல் அளவுகூட உள்ளே வரவில்லை. அதனால் நாங்கள் எல்லாரும் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்தது போல வேர்த்தோம். அம்மாள் மட்டும் வேர்க்கவில்லை, சுகமாக இருக்கிறது என்றார்.

அன்று விநாசித்தம்பியர் நன்றாகத்தான் ஓட்டினார். அதைச் சொல்லாவிட்டால் பாவம். ஒரு மாதம் பாயிடம் திட்டு வாங்கிப் பழகியது வீண்போகவில்லை. அலையைக் குறுக்காக வாங்கவில்லை, மிதவைகளைச் சரியான பக்கம் விட்டார். நங்கூரம் போட்டு நின்ற பெரிய கப்பல்கள் திரையில் நெளியாமல், பிசகாமல், படம் எழுதியது போலத் தெரிந்தன. அதற்கு நான் பொறுப்பு. ஒரு சரக்குக் கப்பலுக்குச் சற்றுத் தள்ளி, எஞ்சினை நிறுத்தி நங்கூரம் இறக்கலாம் என்றார். பாயும் அவரும் முன்பக்கம் போனார்கள். நங்கூரக் கயிறு சிக்கிக்கொண்டது. பாய் ஏதோ கத்த, கிராணியார் ஒரு பக்கம் இழுக்க, ஓர் அலை எழுந்து அவர் மேல் விழுந்தது. வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. திரை வழியாக எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. நான் ஏன் இவ்வளவு நல்ல சரக்காகப் பார்த்துப் போட்டேன் என்று முதல் முறையாக வருந்தினேன்.

உள்ளே நானும் அம்மாளும் மட்டும் இருந்தோம்.

"தம்பி, ஒண்டு கேக்கட்டே? உவர் உந்தப் படகு ஓட்டப் பழகி எவ்வளவு நாள்?"

நான் ஜிப்பைப் பார்த்துக்கொண்டே, "ஐயாவுக்கு முப்பது வருஷ சர்வீஸாச்சே அம்மா" என்றேன். காலையில்தான் பூசையில் நன்மை அப்பம் வாங்கிவிட்டு வந்த வாய்.

அம்மாள் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு. சத்தம் வந்தால் இருமல் வரும்.

"முப்பது வருசம் உவற்ற சட்டை தோய்ச்சது நான் தம்பி. மை இருக்கும். கார்பன் தாள் கறை இருக்கும். ஒரு நாளாவது உப்பு இருந்ததில்லை. கலியாணம் முடிச்சு ரெண்டாம் மாசமே எனக்கு விளங்கிட்டுது."

நான் ஜிப்பிலிருந்து கண்ணை எடுத்தேன். "அப்ப ஏம்மா கேக்கல?" என்று கேட்டேன்.

"என்னத்தைக் கேக்கிறது? பின்னேரம் வேலையால வந்து, முகத்தைக் கழுவிப்போட்டு, அலையைப் பற்றி அவர் சொல்லேக்க நீங்கள் பாத்திருக்க வேணும். இவ்வளவு ஆசை வைச்சிருக்கிற மனுசன் ஒருக்காலும் போனதில்லையே எண்டு எனக்குத்தான் மனசு கேக்கேல்லை. தனக்கெண்டு ஒரு சோடிச் செருப்பும் வாங்க மாட்டார். அதாலதான் என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு கேட்டனான்."

"அப்போ அந்த இழுப்பு, காத்துப் படக்கூடாது, அதெல்லாம்?"

"அது உண்மைதான் தம்பி," என்று தைலப் போத்தலைக் காட்டினார். பிறகு முன்பக்கம் பார்த்தார். கயிறு விடுபட்டுவிட்டது. விநாசித்தம்பியர் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, பாயின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். "நாலைஞ்சு வாரமாத்தான் சட்டையில உப்பு வருது. தோய்க்கக் கஷ்டமாத்தான் இருக்கு. அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

எனக்குக் கண் கலங்கியது. வேர்வை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்காமல் விட்டேன். நாலு மாதம் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே நான் தைத்தது யாருடைய ஆசைக்கு என்று அப்போதுதான் புரிந்தது.

நான் பின்பக்க ஜிப்பைத் திறக்க, அவர் ஈரத்தோடு உள்ளே வந்தார். முதலில் என் முகத்தைப் பார்த்தார். ஏதாவது தெரிந்துவிட்டதா என்கிற பார்வை. நான் இல்லை என்று தலையை அசைத்தேன். அவருக்கு மூச்சு வந்தது. மனைவிக்கு எதிரே உட்கார்ந்து, வெளியே நின்ற சரக்குக் கப்பலைக் கையால் காட்டினார்.

"செல்வம், உந்த இடத்திலதான். ஐம்பத்தாறாம் ஆண்டு. கயித்து ஏணியில பாதி ஏறிட்டன், கப்பல் அப்பிடியே ஒரு பக்கம் சாஞ்சுது."

அவர் தலைமுடியிலிருந்து கடல் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. செல்வநாயகி அம்மாள் காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, "பிறகு?" என்றார்.